பிரிட்டனில் அடுத்தவர் காட்டில் கூடாரம்: அனுமதி வாங்குவது எப்படி?

பிரிட்டனுக்குப் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் பலர், காடு என்றாலே அரசாங்கச் சொத்து, வனத்துறையைக் கேட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கே நிலைமை வேறு. பிரிட்டனின் காடுகளில் பெரும்பகுதி தனியாருடையது. வேலியோ பலகையோ இல்லாமல் கிடக்கும் ஒரு ஓக் மரத்தோப்புக்குக்கூட ஒரு சொந்தக்காரர் இருப்பார். அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டுமானால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

அதிலும் புஷ்கிராஃப்ட் பழகுகிறவர்களுக்குச் சிக்கல் ஒரு படி கூடுதல். கத்தி, கைக்கோடரி, ரம்பம் கொண்டு மரவேலை செய்வது, தீ மூட்டிச் சமைப்பது, கிளைகளைச் சேர்த்து ஒதுங்கிடம் கட்டுவது, காட்டில் விளைவதைப் பறித்துப் பயன்படுத்துவது எல்லாம் சேர்ந்ததுதான் புஷ்கிராஃப்ட். "தாராளமா தங்கிக்கோங்க" என்று சொன்ன சொந்தக்காரர் இதில் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. அவர் மனதில் ஒரு சின்னக் கூடாரம் இருக்கிறது, நம் மனதில் கணப்பும் கோடரியும் இருக்கின்றன. தகராறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதி இல்லாமல் ஒருவர் நிலத்தில் நுழைவது அத்துமீறல். பொதுவாக அது உரிமையியல் விவகாரம், குற்றமல்ல. "அத்துமீறினால் வழக்குத் தொடரப்படும்" என்ற பலகைகள் பெரும்பாலும் வெற்று மிரட்டல்தான். ஆனால் ரயில்வே நிலம் அப்படியல்ல, அங்கே நுழைவதே குற்றம். காரிலோ வேனிலோ வந்து தங்கி, இடத்துக்குச் சேதமோ தொந்தரவோ விளைவித்து, போகச் சொல்லியும் போகாமல் இருப்பது 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்.

அத்துமீறல் குற்றமில்லை என்பதால் நிம்மதியடைய வேண்டாம். அங்கே நாம் செய்யும் வேலைகள் குற்றமாகலாம். பச்சை மரத்தை வெட்டினால் அது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துச் சேதக் குற்றம். தீயால் சேதம் செய்தால் அதே சட்டத்தில் அது தீவைப்புக் குற்றமாகப் பதியப்படும். வேரோடு ஒரு செடியைப் பிடுங்குவதற்குக்கூட நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம்.

விறகு விஷயத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தானாக வளர்ந்த காளான், பூ, பழம், தழை ஆகியவற்றை விற்பனைக்கில்லாமல் பறித்தால் திருட்டாகாது என்று 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் விலக்குத் தருகிறது. அந்தப் பட்டியலில் விறகு இல்லை. விழுந்து காய்ந்து கிடக்கும் கட்டையும் சொந்தக்காரரின் சொத்துதான். ஆகவே ப்ளாக்பெர்ரி பறிக்கத் தயங்க வேண்டாம், விறகுக்கு மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள்.

பொதுப் பாதை வழியே நடக்கும் உரிமை, நடந்து கடப்பதற்கு மட்டுமே. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுப் புல்வெளி, பொதுமேய்ச்சல் நிலம் போன்ற இடங்களில் சுற்றித் திரியும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் கூடாரம் அடிப்பதையும் தீ மூட்டுவதையும் அதே சட்டம் வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது.

தென்மேற்கு இங்கிலாந்தின் மேட்டுநிலமான டார்ட்மூர் மட்டும் தனிக் கதை. அங்குள்ள பொதுமேய்ச்சல் நிலங்களில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு' உரிமைக்குள் கூடாரம் அடித்துத் தங்குவதும் அடங்குமா என்று வழக்கு நடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அடங்காது என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் அடங்கும் என்று ஒருமனதாக உறுதிசெய்தது. செய்தியைப் படித்துவிட்டு உற்சாகமாகக் கோடரியோடு கிளம்பியவர்களுக்கு ஒரு சேதி: அங்கே தீ மூட்டத் தடை நீடிக்கிறது. படுக்கலாம், கேஸ் அடுப்பில் டீ போடலாம். புஷ்கிராஃப்டுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது.

ஸ்காட்லாந்தில் கை தாராளம். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான திறந்த நிலங்களில் சிறு கூட்டமாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகள் தங்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைகளுக்கு மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்தின் உரிமையும் வந்து போவதற்கும் தங்குவதற்கும்தான். மரம் வெட்டுவது அதில் சேராது. காட்டுக்குள்ளும், தாவரங்கள் மக்கி உருவான கரிமண் நிலத்திலும் திறந்த தீயைத் தவிர்க்கச் சொல்கிறது அங்குள்ள நடத்தை விதி. ஆகக் கத்தி வேலை என்று வந்துவிட்டால் ஸ்காட்லாந்திலும் சொந்தக்காரரைத் தேடித்தான் போக வேண்டும்.

யாரைக் கேட்பது

சொந்தக்காரர் ஒருவராக இருந்தாலும் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் பலராக இருக்கலாம். நிலம் ஒருவருடையது, உழுகிற குத்தகைக்காரர் இன்னொருவர், வேட்டை உரிமை மூன்றாவது ஆளிடம். சொந்தக்காரர் சரியென்று சொல்லியும் காலையில் துப்பாக்கியோடு வந்து நிற்கிற கேம்கீப்பருக்கு (வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவர்) விஷயமே தெரியாமல் போனால், அந்த அனுமதி அன்றோடு காலி. எனவே முதல் சந்திப்பிலேயே, "இந்த இடத்தைப் பயன்படுத்துகிற வேறு யாரிடமாவது நான் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளுக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்று எதிரில் இருப்பவருக்கும் புரிந்துவிடும்.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முதல் வழி பக்கத்துப் பண்ணைவீட்டுக் கதவைத் தட்டுவதுதான். பண்ணைக்காரருக்குத் தன் வேலிக்கு அப்பால் இருப்பது யாருடையது என்பது அநேகமாகத் தெரிந்திருக்கும். அது பலிக்காவிட்டால் ஊர்மன்ற எழுத்தரையோ ஊர் பப்பிலோ விசாரிக்கலாம். கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸுக்கான அரசு நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரி இருக்கிறது. வரைபடத்தில் இடத்தைக் காட்டி 7 பவுண்டு கட்டினால் உரிமைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும், அதில் பெயரும் முகவரியும் இருக்கும். எல்லைப் படத்துக்குத் தனியாக இன்னொரு 7 பவுண்டு. அரசுத் தளத்திலேயே வாங்குங்கள். அதே தாளைப் பல மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகுத் தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கும். பதிவாகாத நிலங்களும் உண்டு. அதற்கு மறுபடி பண்ணைவீட்டுக் கதவுதான்.

யாரிடம் கேட்டால் பலிக்கும்? பொழுதுபோக்குக்காக மூன்று முதல் பத்து ஏக்கர் வரை சிறு காடு வாங்கி வைத்திருப்பவர்கள், உழ முடியாத சரிவில் மரம் வளர்ந்து கிடக்கும் சிறு பண்ணைக்காரர்கள். இவர்கள்தான் நல்ல வாய்ப்பு. அரசுக் காடுகளைப் பார்க்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, குறிக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே தங்க விடுவதில்லை. பெரிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைகளும் தனியாளுக்கு அநேகமாக இல்லையென்றுதான் சொல்லும். அங்கே எழுதிக் காத்திருப்பது நேர விரயம்.

கேட்கப் போகுமுன் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் 'மேஜிக்' என்ற இலவச இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அந்தத் தோப்பு சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமா, தொன்மையான காடா, உள்ளே பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று காட்டும். இருந்தால் சொந்தக்காரர் நினைத்தாலும் எல்லாவற்றுக்கும் சரி சொல்ல முடியாது. தொல்லியல் சின்னத்தின் மேல் குழி தோண்டுவதோ கணப்பு மூட்டுவதோ அவரையும் சேர்த்து மாட்டிவிடும். அப்படிப்பட்ட இடமானால் வேறு தோப்பு பார்ப்பதே மேல்.

அவர் ஏன் தயங்குகிறார்

நல்ல மனசுக்காரரும் "வேண்டாமே" என்பதற்குப் பின்னால் ஒரு சட்டக் கணக்கு இருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியோடு வருகிறவரின் பாதுகாப்பில் நிலத்துக்காரருக்குக் கடமை உண்டு. அத்துமீறி வருகிறவரிடமும் கடமை உண்டு, ஆனால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குறைவு. அதாவது "சரி, தங்குங்கள்" என்று சொல்லும் நொடியில் அவர் பொறுப்பு கூடிவிடுகிறது.

அவர் பயம் கற்பனையும் அல்ல. பிரிட்டனில் 2012இல் கண்டறியப்பட்ட ஆஷ் மரக் கருகல் நோய் காடுகள்தோறும் பரவிவிட்டது. நோயுற்ற ஆஷ் மரத்தின் கிளை காற்றில்லாத நாளிலும் முறிந்து விழும். அதன் அடியில் யாரோ தூங்குவதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். எனவே கேட்கும்போதே, "ஆஷ் மரங்களுக்கு அடியில் படுக்க மாட்டோம், மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பார்த்துத்தான் இடம் பிடிப்போம்" என்று சொல்லுங்கள். அவருடைய கவலை என்னவென்று தெரிந்து பேசுகிறீர்கள் என்பது அவருக்குப் பாதி ஆறுதல்.

மீதிப் பாதி காப்பீடு. நாம் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் நகலை நீட்டுங்கள். "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் அந்தத் தாள் அவர் கடமையை முழுதாகத் துடைத்துவிடாது. காப்பீட்டுத் தாளுக்கு இருக்கும் கனம் அதற்கு இல்லை.

சிலர் "முகாம் நடத்தத் திட்ட அனுமதி வாங்கணுமே" என்றும் தயங்குவார்கள். இங்கிலாந்தில் ஒரு நிலத்தை ஆண்டில் சில நாட்கள் மட்டும் கூடாரங்களுக்குத் தற்காலிகமாகப் பயன்படுத்தப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. நாம் கேட்பது ஆண்டுக்கு நாலைந்து இரவு. அதை எடுத்துச் சொன்னால் போதும்.

எப்போது, எப்படிக் கேட்பது

ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டைக் காலம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அதற்கு முன்பே, கோடையின் பிற்பகுதியில், குஞ்சுகளைக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் வேட்டைக் காடுகளில் கேட்கவே வேண்டாம். வசந்தத்தில் ஆடுகள் ஈனும் வாரங்களில் பண்ணைக்காரர் ராத்திரி தூங்குவதே அரிது, அப்போது கதவைத் தட்டுவதும் தப்பு. பிப்ரவரி நடுவில், வேட்டை முடிந்து ஆட்டுக்குட்டிகள் வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளி கச்சிதம். தங்க நினைக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவாவது கேளுங்கள்.

நேரில் போவதே சிறந்தது. பகலில், சாப்பாட்டு நேரம் தவிர்த்து, சாதாரண உடையில் போங்கள். ராணுவப் பச்சைப் புள்ளி உடையும் இடுப்பில் கத்தியுமாகப் போய் நிற்பவருக்கு எந்த வீட்டிலும் பதில் ஒன்றுதான். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியட்டும். உடனே பதில் கேட்டு நெருக்காமல், விவரங்கள் எழுதிய ஒரு பக்கத் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நாங்கள் இரண்டு பேர், பக்கத்து ஊரில் வசிக்கிறோம். உங்கள் காட்டின் வடக்கு மூலையில், வரைபடத்தில் குறித்திருக்கும் இடத்தில், மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தங்க உங்கள் அனுமதி வேண்டும். சனி மதியம் வந்து ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவோம். ஒரே கார், எண் கீழே இருக்கிறது, நீங்கள் சொல்லும் இடத்தில் நிறுத்துகிறோம். தார்ப்பாயின் அடியில் தூங்குவோம். பச்சை மரம் எதையும் வெட்ட மாட்டோம். தரையில் தீ மூட்ட மாட்டோம், உங்களுக்குச் சம்மதமானால் கால் வைத்த இரும்புத் தட்டில் மட்டும் சிறு தீ. நாய் கிடையாது, பாட்டுப் பெட்டி கிடையாது. குப்பை எல்லாம் திரும்பி எடுத்துப் போவோம். காப்பீட்டு நகல் இணைத்திருக்கிறோம். இதில் எதற்குச் சம்மதம், எதற்கு வேண்டாம் என்று தனித்தனியாகச் சொன்னால் அப்படியே நடந்துகொள்வோம்."

கடைசி வரிதான் முக்கியம். ஒட்டுமொத்தமாக ஆமா, இல்லையா என்று கேட்டால் பத்திரமான பதிலான "இல்லை"தான் வரும். பிரித்துக் கேட்டால் தங்குவதற்கும் கைக்கத்தி வேலைக்கும் சரியென்று சொல்லி, தீயை மட்டும் மறுப்பார். அதுவே நல்ல தொடக்கம். தனித்தனியாகக் கேட்க வேண்டியவை இவை: இரவு தங்கல், தீ, காய்ந்த விறகு, பச்சைக் கொம்பு வெட்டுதல், ஒதுங்கிடம் கட்டுதல், குழி தோண்டுதல், பறித்து உண்ணுதல், வண்டி நிறுத்தம், கூட வருகிற குழந்தைகள்.

முதல் தடவையே ராத்திரி தங்கக் கேட்காமல், பகலில் சில மணி நேரம், தீ இல்லாமல் கேட்பவர்கள் அதிகம் ஜெயிக்கிறார்கள். போன இடத்தில் கிடக்கிற பழைய பிளாஸ்டிக் கோப்பைகளையும் தோட்டா உறைகளையும் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை கேட்பது சுலபமாகிவிடும்.

பணம் கொடுப்பதைவிட உழைப்புக் கொடுப்பது எடுபடும். இளமரங்களைச் சுற்றிய பிளாஸ்டிக் குழாய்கள் காலம் கடந்தும் கழற்றப்படாமல் கிடக்கும் காடுகள் ஏராளம். ஒரு பகலில் இரண்டு பேர் சேர்ந்து நிறையக் கழற்றிக் குவிக்கலாம். ஆக்கிரமிப்புச் செடியான ரோடோடெண்ட்ரானை வெட்டித் தள்ள ஆள் கிடைத்தால் பல சொந்தக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நமக்கும் அதில் ரம்ப வேலை பழகிக்கொள்ளலாம். அதன் இலையும் பூவும் நஞ்சு என்பதால் சமையல் குச்சியாகவோ கரண்டியாகவோ மட்டும் செதுக்க வேண்டாம். ஹேசல் புதர்களை அடியோடு வெட்டி மறுபடி தழைக்கவிடும் பழைய முறை அங்கே உண்டு. குளிர்காலத்தில் அதற்குக் கை கொடுத்தால் செதுக்குவதற்குப் பச்சைக் கொம்பு நியாயமாகவே கிடைக்கும்.

வாய்மொழி அனுமதியும் செல்லும். ஆனால் பேசி முடித்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்டால் அதை அச்செடுத்துப் பையில் வையுங்கள். காரணம் கத்தி. பிரிட்டனில் பொது இடத்தில் கையில் வைத்திருக்கலாம் என்று சட்டம் விடுவது, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி, அலகு 3 அங்குலத்துக்கு மிகாதது. அதைத் தாண்டிய கத்திக்கும் கோடரிக்கும் 'தக்க காரணம்' வேண்டும். போகிற வழியில் போலீஸ் கேட்டால், தேதியும் இடமும் எழுதிய அந்தத் தாள்தான் காரணத்துக்குச் சான்று. கருவிகளை உறையிலிட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை அலுவலக வாசலில் நிற்கும் காரில் கோடரி கிடந்தால் சனிக்கிழமை அனுமதி உதவாது.

வெட்டும் அளவு

சொந்தக்காரர் "வேண்டியதை வெட்டிக்கோ" என்றாலும் அதற்கும் மேலே ஒரு வரம்பு இருக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்த மரங்களை வெட்ட உரிமம் வேண்டும். மூன்று மாதத்துக்கு 5 கன மீட்டர் வரை விலக்கு. அது அவருடைய நிலம் முழுமைக்குமான கணக்கு, நமக்குத் தனியாக அல்ல. அவர் ஏற்கெனவே விறகுக்கு வெட்டியிருக்கலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 8 செ.மீ. குறுக்களவைத் தாண்டாத மரங்களுக்கு உரிமம் தேவையில்லை. புஷ்கிராஃப்டுக்கு மணிக்கட்டுத் தடிமனே மிகுதி. நகராட்சி தனி ஆணையால் காக்கும் மரமானால் கிளையைத் தொடவும் அவர்களிடம் கேட்க வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பயன்பாட்டிலிருக்கும் கூட்டை வேண்டுமென்றே கலைப்பது குற்றம்.

பொந்து விழுந்த பெரிய பட்டமரங்களையும் விட்டுவிடுங்கள். வௌவால்கள் குடியிருக்கலாம், அவற்றின் இருப்பிடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கடுமை. பாசி படர்ந்து தரையில் மக்கும் பெருங்கட்டைகள் ஈரமாக இருப்பதால் எரிக்கவும் உதவாது. விரல் முதல் மணிக்கட்டு வரை தடிமனுள்ள, நிலம் தொடாமல் காய்ந்து தொங்கும் குச்சிகள்தான் நல்ல விறகு.

தீ

அனுமதி பறிபோவதற்கு முதல் காரணம் தரையில் விழும் கருந்தழும்பு. ஊசியிலைக் காட்டின் மெத்தைத் தரையும் கரிமண்ணும் மேலே அணைந்தது போலிருந்து உள்ளே கனன்றுகொண்டே போகும். மறுநாள் வேறொரு இடத்தில் புகையும். அதனால்தான் தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்ந்து நிற்கும் தீத்தட்டு. சுற்றி ஒரு மீட்டருக்குச் சருகை விலக்குங்கள். பற்றவைக்கும் முன்பே 10 லிட்டர் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், மூட்டிய பிறகு ஓடை தேடுவது கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்தி, எல்லாம் வெண்சாம்பலாகும்வரை எரியவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மேலே காட்டி, பிறகு தொட்டும் பாருங்கள். துளி சூடு தெரிந்தாலும் இன்னொரு சுற்று. சாம்பலை டப்பாவில் அள்ளிக்கொண்டு, விலக்கிய சருகைப் பரப்பிவிடுங்கள். வறட்சி நாட்களில், அனுமதி கையில் இருந்தாலும், கேஸ் அடுப்பு.

கூடாரத்தைவிட, இரண்டு மரங்களுக்கிடையே கட்டும் தூக்குமஞ்சம் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கும், புல்லில் தடம் விழாது. பட்டையை அறுக்காத அகன்ற நாடாவைக் கட்டுங்கள், மெல்லிய கயிறு வேண்டாம். மலக்குழி தோண்ட அனுமதி இருந்தால் நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி ஒரு சாண் ஆழம். காகிதத்தைப் புதைக்காமல் பையில் எடுத்து வாருங்கள், நரி தோண்டி வெளியே போட்டுவிடும்.

கிளைகளால் கட்டிய ஒதுங்கிடத்தைக் கிளம்புமுன் பிரித்துப் போடுங்கள். அழகாக இருக்கிறதே என்று விட்டுவந்தால் அடுத்த வாரம் அதில் வேறு யாரோ பீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், பழி உங்கள் மேல் விழும். கதவுகளை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடுங்கள்: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரிச் செய்தி அனுப்புங்கள். வேலியில் ஓட்டை, முறிந்து சாய்ந்த மரம், ஆடு தப்பிய தடம் என்று கண்ணில் பட்டதைப் படத்தோடு சொன்னால் அவருக்கு நீங்கள் இலவசக் காவல்காரர். படங்களை இணையத்தில் போடும்போது இடத்தின் பெயரும் வரைபடக் குறியும் வேண்டாம். இரண்டு பேருக்குக் கிடைத்த அனுமதி மூன்றாவது நண்பருக்குச் செல்லாது, மார்ச்சில் கிடைத்தது மே மாதத்துக்கும் செல்லாது. சட்டப்படி இந்த அனுமதியை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நள்ளிரவில் வந்து "கிளம்புங்க" என்றாலும் வாதாடாமல் தீயை முழுதாக அணைத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். காரணத்தை மறுநாள் போனில் கேட்டுக்கொள்ளலாம்.